கசப்புக்குப் போட்ட மார்க்கு

எங்க சித்தப்பா மகன் போன வருஷம் நார்தாம்ப்டனிலிருந்து வந்தபோது இரண்டு புட்டி கொண்டு வந்தான். உடையாமல் இருக்க ஆளுக்கொரு காலுறைக்குள் போட்டு, துணிகளுக்கு நடுவில் சொருகி வைத்திருந்தான். தோல் தொழில்நுட்பம் படிக்கப் போனவன். எங்கள் தெருவில் தோலைத் தொட்டு வாழ்ந்தவர்கள் நாலு தலைமுறையாக உண்டு. தோலைப் பற்றிப் படித்தவன் இவன்தான் முதல் ஆள். நார்தாம்ப்டனை இங்கிலாந்தின் ஆம்பூர் என்று சொல்லலாம். 1640களில் கிராம்வெல் படைக்குப் பூட்ஸ் தைத்துக் கொடுத்த ஊர் அது. அங்கே இன்னும் செருப்புத் தைக்கிறார்கள், தோலுக்கென்று படிப்பு இருக்கிறது, வேலை முடிந்து போய் உட்கார மூலைக்கு மூலை குடிக்கடை இருக்கிறது.

புட்டியில் இருந்தது பீர்தான். ஆனால் டாஸ்மாக்கில் கிடைக்கிற பீர் இல்லை. 'பிட்டர்' என்று பெயர். கசப்பு என்கிற சொல்லையே பெயராக வைத்திருக்கிறார்கள். கசப்பாக இருக்கிறது என்று ஒரு பண்டத்தை நம்மிடம் யாராவது விற்க முடியுமா என்று நான் கேட்டதற்கு, "பாவக்காய் விக்கலயா அண்ணா" என்றான்.

மொட்டை மாடியில் நான், அவன், நைனா மூன்று பேரும் உட்கார்ந்தோம். அம்மா மாடிப்படியில் குந்திக்கொண்டு முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார். இதை ஐஸ் மாதிரிக் குளிர வைத்தால் ருசி செத்துவிடும், பன்னிரண்டு பதிமூன்று டிகிரி போதும் என்றான் தம்பி. ஆம்பூர் வெயிலில் பன்னிரண்டு டிகிரிக்கு எங்கே போவது? நைனா எழுந்து போய் ஈரத்துண்டைப் புட்டியில் சுற்றி, காற்று வருகிற பக்கம் கைப்பிடிச் சுவரில் வைத்தார். "எங்க தாத்தா இப்பிடித்தான் வெப்பாராம், துரை வூட்ல" என்றார். அந்தத் தாத்தாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தம்பி பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தான். கோடு போட்டு, நிறத்துக்கு ஒரு கட்டம், நுரைக்கு ஒன்று, வாசனைக்கு, ருசிக்கு, நாக்கில் அது உட்காரும் கனத்துக்கு, விழுங்கிய பிறகு தொண்டையில் மிஞ்சுவதற்கு என்று தனித்தனிக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் மார்க்கு போட வேண்டுமாம். அங்கே செருப்பு கம்பெனியில் வேலை பார்க்கிற ஆள்கூட சாயங்காலம் ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு இது இன்ன ஊர் தண்ணீர், இது இன்ன கொடியின் பூ என்று பேசுவானாம்.

எனக்கு அந்த நோட்டின் மேல் இருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. மதுவை ஒழிக்கச் சொல்லி ஊர்வலம் போனவன் நான். கலெக்டர் ஆபீஸ் வாசலில் பெண்களோடு உட்கார்ந்தவன். எங்கள் சேரியில் எத்தனை வீடு குடியால் சாய்ந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் நம் சனங்கள் குடித்ததற்கு யாராவது இப்படி ஒரு நோட்டுப் போட்டு எழுதியிருக்கிறார்களா? குடிக்கிறவனுக்கு மார்க்கு போட்டிருக்கிறார்கள், அதுவும் முட்டை மார்க்கு. குடித்த பண்டத்துக்கு எங்கே மார்க்கு?

*

முதலில் இந்தக் கசப்பின் கதை. அது நம்மைத் தொடாத கதை என்று நினைத்துவிட வேண்டாம். லண்டன் கிழக்கே போ என்ற இடத்தில் 1752இல் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் என்பவர் ஒரு பீர் ஆலை தொடங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் புறப்படுகிற துறை பக்கத்திலேயே இருந்தது. கப்பல் கேப்டன்கள் தங்கள் சொந்த வியாபாரத்துக்காக அவரிடம் பீப்பாய் பீப்பாயாகக் கடனுக்கு வாங்கிச் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் கொண்டு வந்தார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றி வர நான்கு முதல் ஆறு மாதம். பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்ட வேண்டும். ஹாப்ஸ் என்கிற கொடியின் பூவை அதிகம் போட்டால்தான் பீர் புளிக்காமல் தாங்கும். அந்தப் பூவின் குணம்தான் கசப்பு. ஹாட்ஜ்சன் இந்தியாவுக்கென்றே இதைக் கண்டுபிடித்தார் என்று பல புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். அது கட்டுக்கதை. பூ அதிகம் போட்ட வெளிர் பீர் ஏற்கெனவே இங்கிலாந்துப் பண்ணை வீடுகளில் இருந்ததுதான். கப்பலில் ஆடி ஆடி வந்ததில் அது நன்றாக முதிர்ந்தது, அவ்வளவே.

1822இல் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவரான மார்ஜோரிபாங்க்ஸ், பர்ட்டன் ஊர் ஆல்சாப் என்பவரைக் கூப்பிட்டு, நீயும் இப்படி ஒன்று செய்து இந்தியாவுக்கு அனுப்பு என்றார். பர்ட்டன் கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். அந்தத் தண்ணீரில் கசப்பு சுத்தமாகத் தெரிந்தது. இந்தியாவுக்குப் போன சரக்கு பிறகு இங்கிலாந்திலேயே பிடித்துப்போய், 1840கள் வாக்கில் குடிக்கிற சனங்கள் அதற்கு 'பிட்டர்' என்று பெயர் வைத்தார்கள். ஆலைக்காரன் 'பேல் ஏல்' என்றுதான் எழுதினான். குடித்தவர்கள் தங்கள் நாக்கில் பட்டதை வைத்துக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் நின்றது.

இங்கே யார் குடித்தார்கள்? வெள்ளைக்காரன் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட முடியாது. அதிகாரிக்கும் வியாபாரிக்கும் வெளிர் பீர். வெள்ளைச் சிப்பாய்க்குக் கறுப்பு நிற 'போர்ட்டர்', அதற்கும் முன்னால் நாட்டுச் சாராயப் படி. அவர்களுக்குள்ளும் வருணம் இருந்தது. வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலையில் கலகம் நடந்தபோது அங்கே இருந்த 69ஆம் ரெஜிமெண்ட் சிப்பாய்கள் பெரும்பாலும் அவர்கள் ஊர் ஏழைகள்தான். அந்த ஏழை வெள்ளையனுக்குச் சந்தைத் தெருவில் கிடைத்த சரக்குக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருந்தது. 'பறையா அரக்'.

இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. யூலும் பர்னெலும் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற அகராதி 1886இல் வெளிவந்தது. அதில் இதற்குத் தனிப் பதிவே இருக்கிறது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியச் சிப்பாய்க்கும் மாலுமிக்கும் விற்ற நச்சுத்தனமான நாட்டுச் சாராயத்துக்கு அந்தப் பெயர் வழங்கியது என்று விளக்கம். தெருநாய்க்கு நம் சாதிப் பெயர், பருந்துக்கு நம் சாதிப் பெயர், மட்டமான சாராயத்துக்கும் நம் சாதிப் பெயர். அதை வடித்தவன் யார், விற்றவன் யார், லாபம் யாருக்கு என்ற கேள்வியே இல்லை. அவர்கள் ஊர்ப் பண்டத்துக்கு நாக்கில் பட்டது பெயரானது. இங்கே உள்ள பண்டத்துக்குச் சாதி பெயரானது. முதல் மார்க்கு அங்கேயே போட்டாகிவிட்டது.

*

இப்போது நைனாவின் தாத்தா. கோலார் தங்கவயலில் 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி வந்தபின் வட ஆற்காட்டிலிருந்து நம் சனங்கள் கூட்டம் கூட்டமாக அங்கே போனார்கள். ஆம்பூர், குடியாத்தம், சித்தூர்ப் பக்கம் பஞ்சத்தில் அடிபட்டவர்கள், பண்ணையாரிடம் அடிபட்டவர்கள். பெரும்பாலோர் சுரங்கத்தில் இறங்கினார்கள். தாத்தா இறங்கவில்லை. ஒரு துரை பங்களாவில் மேட்டி வேலை, அதாவது பட்லருக்குக் கீழே எடுபிடி. துரை வீட்டுச் சமையல் கட்டும் மேசை வேலையும் நம் ஆட்களுக்குக் கிடைத்ததற்குக் காரணம் ரொம்ப எளிது. மாட்டுக்கறியும் எச்சில் கிளாசும் தொட சாதி இந்து வரமாட்டான். தீட்டு என்று அவன் விட்டுப்போன இடத்தில் நம் ஆள் சம்பளம் வாங்கினான். தோல் தொட்டியிலும் இதே கதைதான்.

குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வருவது இது. வைக்கோல் திணித்த மரப்பெட்டியில் புட்டிகள் வரும். தாத்தா அவற்றை ஈரத்துணி சுற்றி நிழலில் அடுக்குவார். சில வீடுகளில் தண்ணீரில் வெடியுப்பைக் கரைத்து அதில் புட்டியை நிறுத்திக் குளிர வைப்பார்கள். விருந்து முடிந்த பிறகு புட்டி அடியில் மிஞ்சியதை ஒரே கிளாசில் ஊற்றிப் பட்லர் முதலில் குடிப்பார், பிறகு மேட்டி. தாத்தா அதற்கு வைத்த பெயர் 'வேப்பந்தண்ணி'. இதற்காகவா இவன்கள் கப்பல் ஏற்றிக் கொண்டுவருகிறான்கள் என்று சிரிப்பாராம். ஆக, இந்தப் பிட்டரை ருசி பார்த்துக் கருத்துச் சொன்ன தமிழர்களில் எங்கள் தாத்தாவும் ஒருவர். அவர் சொன்னதை எழுதிக்கொள்ளத்தான் யாரிடமும் நோட்டு இல்லை.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். வகுப்பில் பத்துப்பாட்டு நடத்துகிறபோது கள் வரும் இடங்களை எங்கள் ஆசிரியர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். தேறல், நறவு, மட்டு, பிழி, தோப்பி என்று சொல் பொருள் மட்டும் எழுதிப் போடுவார்கள். பரீட்சைக்கு அது போதும். அப்புறம் நானே உட்கார்ந்து பெரும்பாணாற்றுப்படையைப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. காஞ்சித் தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது, நம் தொண்டை மண்டலத்துப் பாட்டு. அதில் மீன்பிடிக்கிற வலைஞர் குடியில் பிழி செய்கிற முறை படிப்படியாகச் சொல்லப்படுகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவிட்டு, முளைகட்டிய நெல்லை இடித்துச் செய்த அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய விட்டு, சாடியில் விளைய வைத்து, விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு கொடுப்பார்களாம். தானியத்தை முளைகட்டி அதன் சத்தால் மாவைச் சர்க்கரையாக்கி நொதிக்க விடுவதுதானே பீர்? பர்ட்டன்காரன் வாற்கோதுமையில் செய்ததை வலைஞர் வீட்டுப் பெண் நெல்லில் செய்திருக்கிறாள். தோப்பி என்பதும் வீட்டில் நெல்லால் ஆக்கிய கள்தான். பெயர் இருந்தது, வகை இருந்தது, தெளிந்தது தெளியாதது என்ற தரம் இருந்தது. அரசனும் பாணனும் ஒரே கலத்திலிருந்து குடித்தார்கள். அறநூல்கள் கள்ளுண்ணாமையை அதிகாரம் போட்டு எழுதிய பின்னால் அந்தச் சொற்கள் உரைக்குறிப்பில் ஒதுங்கின. குடித்தவர்கள் ஊருக்கு வெளியே ஒதுங்கினார்கள். இரண்டும் ஒரே நாளில் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை.

*

ஈரத்துண்டு காய்ந்திருந்தது. தம்பி முதல் புட்டியைத் திறந்து மூன்று கிளாசில் மெதுவாகச் சாய்த்து ஊற்றினான். அடியில் வண்டல் இருக்கிறது, அது உயிரோடு இருக்கிற ஈஸ்ட், கலக்கிவிடக்கூடாது என்றான். செம்பழுப்பு நிறம், விளக்கெதிரே பிடித்தால் செப்புப் பாத்திரம் மாதிரி. நுரை கொஞ்சம்தான். டாஸ்மாக் பீர் போல முகத்தில் சீறவில்லை. மூக்கருகில் கொண்டுபோனால் நனைந்த வைக்கோல், வறுத்த தானியம், பின்னால் லேசாக ஆரஞ்சுத் தோல். வாயில் முதலில் காய்ந்த ரொட்டி ஓரம் மாதிரி ஒரு மெல்லிய இனிப்பு. அது போன பிறகு நாக்கின் அடியிலிருந்து கசப்பு ஏறுகிறது. ஏறி, போகாமல் நிற்கிறது.

நைனா ஒரு மிடறு குடித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "கசப்பு மட்டும் இல்லடா, துவர்ப்பு கீது. பட்டத்தண்ணி மாதிரி" என்றார்.

அவர் நாற்பது வருஷம் தோல் கம்பெனியில் இருந்தவர். கையை விரித்தால் நகக்கண் இன்றும் கறுப்பு. அவர் சேர்ந்த காலத்தில் குரோம் வந்துவிட்டது, ஆனாலும் பட்டைத் தொட்டிகள் முற்றாகப் போகவில்லை. ஆவாரம்பட்டை, கொன்றைப்பட்டை, கடைசியாகக் கடுக்காய். சுண்ணாம்பில் ஊறி மயிர் கழன்ற தோலைப் பட்டைத் தண்ணீரில் இறக்கி நாள் கணக்கில் மிதித்துப் புரட்டுவார்கள். "தண்ணி ஏறிச்சா இல்லியான்னு மேஸ்திரி நாக்குல தொட்டுப் பாப்பாரு. நானும் பாப்பேன். வாய் அப்பிடியே இழுக்கணும். இழுக்கலன்னா பட்ட பத்தலன்னு அர்த்தம்." தோல் தொட்டித் தண்ணீரை ருசி பார்த்துத் தரம் சொன்ன நாக்கு அது. அதற்கு எந்தக் காலேஜும் பட்டம் தரவில்லை.

துவர்ப்பு என்று நைனா சொன்னதைக் கேட்டுத் தம்பிக்கு உற்சாகம் வந்துவிட்டது. படித்ததை எல்லாம் கொட்டினான். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பட்டையில் இருப்பது டானின். அது தோலில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்தால் தோல் அழுகாது, அதுவே பதனிடுதல். ஹாப்ஸ் பூவிலும் தானியத் தோலிலும் டானின் உண்டு. அது நாக்கின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடிக்கிறபோது வாய் இழுக்கிறது, அதுவே துவர்ப்பு. பீப்பாயில் வருகிற பிட்டரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையைக் கரைத்து ஊற்றும் பழக்கமும் இங்கிலாந்தில் உண்டு. நம் கடற்கரையில் நெட்டி என்று உலர்த்தி விற்கிறார்களே, கூறல் கத்தாழை மீனின் பை, அந்தச் சாதிச் சரக்கு. அதுவும் கொலாஜன்தான். கலங்கிய ஈஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கும்.

"அப்போ நம்ம பட்டச்சாராயம்?" என்று நான் கேட்டேன்.

நைனாதான் பதில் சொன்னார். வெல்லத் தண்ணீரில் வெள்வேலம்பட்டையை இடித்துப் போட்டுத்தான் ஊறல் போடுவார்கள், அதனால்தான் அந்தப் பெயர். அதே வெள்வேலம்பட்டையைத் தோலுக்கும் போடுவது உண்டு. பட்டை போட்டால் ஊறலில் உள்ள கசடு திரண்டு கீழே போகும் என்பது சாராயம் காய்ச்சியவர்களுக்குத் தெரிந்திருந்தது. புரதம், டானின் என்ற சொற்கள் தெரியாது, அவ்வளவே. தோல் தொட்டிக்கும் சாராயப் பானைக்கும் நடுவில் ஒரே பட்டை, ஒரே சேரி, ஒரே வேதியியல்.

இன்னொன்றையும் தம்பி சொன்னான். லண்டனில் தேம்ஸ் நதிக்குத் தெற்கே பெர்மாண்ட்சி என்ற பகுதியில் பழைய தோல் சந்தை இருக்கிறது. நம் வட ஆற்காட்டில் பட்டையில் பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்ற பெயரில் லண்டனுக்கு ஏலத்துக்குப் போன காலம் உண்டு. அந்தச் சந்தையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் 1867இல் திறந்த ஹாப்ஸ் மாளிகை நிற்கிறது, பிட்டருக்குக் கசப்பு ஏற்றுகிற பூவை வாங்கி விற்ற இடம். இரண்டு கட்டிடத்தையும் அவன் ஒரே மத்தியானத்தில் பார்த்துவிட்டு வந்தானாம்.

*

மார்க்கு போடுகிற அதிகாரம் நாக்கிலிருந்து சர்க்காருக்குப் போனது எப்படி? ஹாப்சன்-ஜாப்சன் வந்த அதே 1886இல் சென்னை ஆப்காரிச் சட்டம் வந்தது. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம், சாராயம் காய்ச்ச ஒப்பந்தக்காரனுக்கு மட்டும் உரிமை. ஊர்ப் பானையில் ஊறல் போட்டவன் குற்றவாளி, பெரிய ஆலை வைத்தவன் ஒப்பந்தக்காரன். நில வரிக்கு அடுத்தபடியாக மாகாணத்துக்கு வருமானம் கொட்டியது இந்த இனத்தில்தான். 1915இல் தாமஸ் லீஷ்மன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து பீர் ஆலைகளை ஒன்றுசேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸ் ஆக்கினார். அந்தக் கசப்பு உள்ளூரிலேயே தயாரானது. அதற்கு யாரும் சாதிப்பெயர் வைக்கவில்லை.

பிறகு மதுவிலக்கு. 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலத்தில் ராஜாஜி தொடங்கினார். அடுத்த வருஷம் சித்தூரும் கடப்பையும், 1939இல் நம் வட ஆற்காடு. போன வருமானத்தை ஈடுகட்டத்தான் அதே 1939இல் விற்பனை வரி வந்தது. இன்று நாம் கடையில் கொடுக்கிற வரியின் தாத்தா அது. போர்க்காலத்தில் தளர்ந்து, 1948இல் மாகாணம் முழுக்க வந்தது. 1971இல் கருணாநிதி எடுத்தார், 1974க்குள் திரும்பப் போட்டார். 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தார், 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 1987இல் கள்ளுக்கடை போனது, இன்றுவரை வரவில்லை. 1991இல் மலிவுச் சாராயமும் போனது. 2003இல் சர்க்காரே கடையில் உட்கார்ந்து விற்கத் தொடங்கியது. இந்தத் திறப்பு மூடலில் ஒரு விஷயம் மட்டும் மாறவே இல்லை. மூடியபோதெல்லாம் முதலில் போனது மரத்துக் கள்ளும் ஊர்ச் சாராயமும், கடைசிவரை தங்கியது ஆலைச் சரக்கு. கள்ளில் போதை நாலு அஞ்சு சதவீதம். இந்தப் பிட்டரிலும் அவ்வளவுதான். டாஸ்மாக்கில் நம் ஆட்கள் கேட்டு வாங்குகிற ஸ்ட்ராங் பீரில் எட்டு வரை போகும், குவார்ட்டரில் நாற்பதுக்கும் மேலே.

இங்கே நம் தலைவர்களின் நிலை என்ன என்று பார்க்க வேண்டும். 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசப் பண்டிதருக்கு மது என்பது பஞ்சசீலத்தின் ஐந்தாவது விலக்கு. நாம் பூர்வ பௌத்தர் என்றால் நாம் குடியாதவர். அண்ணல் அம்பேத்கர் சொந்த வாழ்க்கையில் மது தொடாதவர். ஆனால் 1951இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தேர்தல் அறிக்கையில் மதுவிலக்கைக் கைவிட வேண்டும் என்று எழுதினார். சர்க்கார் இதற்காக இழக்கிற பணம் படிப்புக்கும் முன்னேற்றத்துக்கும் வேண்டும் என்பது அவர் கணக்கு. ஐந்து வருஷம் கழித்து, 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் மக்களுக்குக் கொடுத்த 22 உறுதிமொழிகளில் குடிக்கமாட்டேன் என்பதும் ஒன்று. இதை முரண்பாடு என்று சில தோழர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போலீசைக் கொண்டு சேரியில் பானை உடைப்பதை அவர் ஒப்பவில்லை, தன் சனங்கள் தாமாக முடிவெடுப்பதைக் கேட்டார். 1990களில் நம் சிறுபத்திரிகைகளில் சிலர் மாட்டுக்கறியோடு சாராயத்தையும் சேர்த்து எதிர்ப்பண்பாடு என்று எழுதினார்கள். மாட்டுக்கறி சரி. சாராயத்தை எழுதியவர்களில் எத்தனை பேர் சனிக்கிழமை ராத்திரி எங்கள் தெருவில் நடந்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

இங்கிலாந்தில் ஏழைக்கு வேறு மாதிரி நடந்தது. அங்கேயும் நல்ல குடி, கெட்ட குடி உண்டு. 1751இல் ஹோகார்த் என்ற ஓவியர் இரண்டு படம் போட்டார். பீர் குடிக்கிற தெருவில் எல்லோரும் கொழுகொழுவென்று, ஜின் குடிக்கிற சந்தில் தாய் மடியிலிருந்து பிள்ளை விழுகிறது. குடிக்கடையிலேயே வைத்துக் கூலி கொடுத்து, அங்கேயே திரும்பப் பிடுங்குகிற வழக்கம் அங்கும் இருந்தது. அதைத் தடுக்க 1883இல் சட்டம் வர வேண்டியிருந்தது. ஆனால் 1971இல், அதாவது இங்கே சாராயக்கடை திறந்த அதே வருஷம், நான்கு இங்கிலீஷ் இளைஞர்கள் அயர்லாந்துக்குச் சுற்றுலா போன இடத்தில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெரிய கம்பெனிகள் உயிரில்லாத, வாயு அடைத்த பீரை ஊரெங்கும் தள்ளுகின்றன, பீப்பாயில் உயிரோடு இருக்கிற பழைய பிட்டரைக் காப்பாற்ற வேண்டும் என்பது கோரிக்கை. காம்ரா என்று பெயர். 1974 முதல் எந்த ஊரில் எந்தக் கடையில் நல்லது கிடைக்கும் என்று வருஷா வருஷம் புத்தகம் போடுகிறார்கள். தம்பியின் நோட்டு அந்த மரபில் வந்ததுதான். உழைக்கிறவன் குடித்த பண்டம் அங்கே பாரம்பரியம் ஆனது. இங்கே அதே வயதுள்ள ஒரு பண்டத்துக்காகக் கைது செய்கிறார்கள்.

கைதோடு போனாலும் பரவாயில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலோர் நம் சனங்கள், அன்றாடக் கூலிகள். மெத்தனாலுக்கு நிறமில்லை, துவர்ப்புமில்லை. பட்டைத் தண்ணீரைத் தொட்டுத் தரம் சொன்ன நைனாவின் நாக்கும் அதைக் கண்டுபிடித்திருக்காது.

*

இரண்டாவது புட்டியும் தீர்ந்தது. நோட்டை நிரப்ப வேண்டும் என்று தம்பி பிடிவாதம் பிடித்தான். அவன் பத்துக்கு எட்டு போட்டான். நான் ஆறு. நிறத்துக்கும் வாசனைக்கும் தாராளமாகக் கொடுத்தேன், கடைசியில் நிற்கிற கசப்பு எனக்கு ஒத்துவரவில்லை. நைனா முதலில் மார்க்கு போட மறுத்தார். பிறகு, எதோடு வைத்துப் பார்ப்பது என்று கேட்டார். அவருக்குத் தெரிந்தது 1981க்கும் 86க்கும் நடுவில், வாலிப வயதில், விடியற்காலையில் மரத்தடியில் குடித்த கள். "அதுக்கு ஒம்போது. இதுக்கு அஞ்சு போடு. கடையில விக்கிறானே, அதுக்கு ரெண்டு, அதுவும் புட்டி கண்ணாடிங்கிறதால" என்றார். தம்பி மூன்றையும் எழுதிக்கொண்டான். கள்ளின் வரிசையில் நுரை, வாசனை, கனம் என்று கேட்கக் கேட்க நைனா சொல்லிக்கொண்டே போனார். பனங்கள்ளுக்கும் தென்னங்கள்ளுக்கும் வித்தியாசம், ஈச்சங்கள்ளின் காட்டம், காலைக் கள்ளும் மத்தியானக் கள்ளும், சுண்ணாம்பு தடவிய கலயம், தடவாத கலயம். ஒரு பக்கம் போதவில்லை.

தண்ணீர் என்ற கட்டம் வந்தபோது பேச்சு நின்றது. பர்ட்டன் தண்ணீரின் பெருமையைத் தம்பி சொன்னான். எங்கள் கிணற்றில் 1980களிலிருந்தே உப்புத் தண்ணீர். பாலாற்றில் தோல் கழிவு கலப்பதைப் பற்றி 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவன் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. தீர்ப்பு வந்து கால் நூற்றாண்டு தாண்டியும் நாங்கள் குடிப்பது கேன் தண்ணீர். இந்த மண்ணுத் தண்ணீரில் பிட்டரும் வராது, தோப்பியும் வராது.

அம்மா அதுவரை பேசவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "குடிச்சதுக்கெல்லாம் மார்க்கு போட்டீங்களே, குடிச்சிட்டு வந்தவனுக்குக் கதவு தொறந்து வுட்டவளுக்கு எத்தினி போடுவீங்கோ?" என்று கேட்டார். நைனா கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி நோட்டை மூடிவிட்டான்.

மறுநாள் அதில் ஒரு பக்கத்தைக் கிழித்து என்னிடம் கொடுத்தான், நைனா சொன்ன கள்ளு வகைகள் எழுதிய பக்கம். எட்டு பெயர் இருக்கிறது. வட ஆற்காட்டுப் பக்கம் மரம் ஏறியவர்கள், ஊறல் போட்டவர்கள், பட்டைத் தொட்டியில் நின்றவர்கள் வீட்டில் இன்னும் பெரியவர்கள் இருந்தால் கேட்டு எழுதுங்கள். பெயர், நிறம், ருசி, எந்த மாதம், யார் முதலில் குடித்தார்கள் என்று. வீட்டுப் பெண்கள் அதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதற்கு எங்கள் அம்மா தனியாக ஒரு கட்டம் போடச் சொல்லியிருக்கிறார்.